தொடையில் விழுந்த தாளம்

அத்தியாயம் ஏழு

கதவு மூன்று சுற்றுப் பூட்டப்பட்டது. ஆர்த்தாகி எண்ணினான். மூன்று சுற்றுப் பூட்டுகிறவன் சீக்கிரத்தில் திறக்கும் உத்தேசத்தோடு பூட்டுவதில்லை.

“அக்கா, நாம இங்க வந்தது விருந்தாளியாவா, சரக்காவா?” என்று தக்குஹியின் தோளுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தான்.

“கப்பல் கிளம்பினப்புறம் தெரியும். வாயை மூடு.”

வாயை மூடுவது ஆர்த்தாகிக்குத் தொழில் முறையிலேயே ஆகாத காரியம். பதினைந்து வருஷம் நாடக மேடைக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் குந்தி உட்கார்ந்து, மேலே முழிக்கிற நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன். கிசுகிசுத்தே பழகிவிட்டதால் பெண்டாட்டியோடு சண்டை போடும்போதுகூட அவனுக்குச் சத்தம் வராது. தக்குஹி அந்த மேடையின் ராணி. இஸ்தான்புல்லில் அவள் செத்து விழுவதைப் பார்க்க பாஷாக்கள் என்கிற பெரிய அதிகாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு. மேடையை விட்ட பிறகு, ஊரில் யார் நடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதைத் தொழிலாக்கிக்கொண்டாள். ஆர்த்தாகி பெட்டியிலிருந்து வெளியே வந்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

இப்போது மறுபடியும் ஒரு பெட்டிக்குள் வந்து மாட்டியாயிற்று. காவல் மாளிகையின் இரண்டாம் தளம். எட்டாத உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல். மூலையில், தரையில் ஓர் இரும்புச் சல்லடை. கீழே இருக்கும் கொட்டடிக்குக் காற்று போவதற்காக வைத்தது. காற்று கீழே போயிற்றோ இல்லையோ, நாற்பது பேருடைய வியர்வை மேலே வந்துகொண்டிருந்தது. அவர்கள், ஆர்த்தாகியின் கிறிஸ்தவ ஜனம் குடியிருக்கும் சாமத்யா துறையில் மூட்டை தூக்குகிறவர்கள். ஐந்து நாளாக உள்ளே கிடக்கிறார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது, பிடித்தவர்களுக்கும் தெரியாது.

“தக்குஹி அம்மா,” என்று மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தார் கமிஷனர் ருஷ்தி பே. பே என்பது அந்த ஊரில் ஐயா என்கிற மாதிரி. நரைத்த தாடியை ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். “நீங்க விஷம் குடிச்சுச் சாகிற நாடகத்தை நாலு தடவை பார்த்திருக்கேன். நாலு தடவையும் அழுதிருக்கேன்.”

“அஞ்சாவது தடவை என்னை நிஜமாவே சாகடிச்சுப் பார்க்கலாம்னு கூப்பிட்டீங்களா?”

“பாட்டு வாத்தியாருக்காகப் பேச நீங்களாத்தான் வந்தீங்க,” என்றார் அவர் வருத்தத்தோடு. “அதுதான் சிக்கலே.”

அவர் மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று நாடுகடத்தல் உத்தரவு. அதில் ஒரு பெயர் எழுதியிருந்தது: எஸ்னிக், சாமத்யா தேவாலயத்துப் பாட்டு வாத்தியார். அதற்குக் கீழே இரண்டு வரி காலியாக இருந்தது. இன்னொன்று எஸ்னிக்கின் மேஜை இழுப்பறையில் கிடைத்த தாள். கொக்கியும் சுழியும் புள்ளியுமாக ஏழெட்டு வரிகள். ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

“கையெழுத்தில்லாத மனு ஒண்ணு வந்தது. போய்ச் சோதனை போட்டோம். இது கிடைச்சது. சங்கேதம்னு மேலிடம் முடிவு பண்ணிடுச்சு. சங்கேதத்தை விளக்க யாராவது வந்தா, அது தெரிஞ்சவங்கதானே வருவாங்க? தெரிஞ்சவங்க கூட்டாளிங்க. அதுக்குத்தான் இந்த ரெண்டு வரி காலி. பேனா என்னோடதுதான், கை என்னோடது இல்லை.”

ஆர்த்தாகி அந்த இரண்டு வரிகளின் நீளத்தைப் பார்த்தான். அவன் பெயர் அதில் கச்சிதமாக அடங்கும்.

கலாத்தா துறையிலிருந்து கப்பல் ஊதியது. நீளமாக, ஒரு தரம்.

“இன்னும் ரெண்டு தடவை ஊதும்,” என்றார் ருஷ்தி பே. “மூணாவது ஊதினதும் ஏணியைத் தூக்கிடுவாங்க. அதுக்குள்ள வாத்தியார் ஏறியாகணும். அந்தக் கப்பல் கொண்டுபோய் விடற பாலைவனக் கோட்டைக்குப் போனவங்க யாரும் திரும்பி வந்ததா எனக்குத் தெரியாது.”

சேவகர்கள் எஸ்னிக்கைக் கூட்டி வந்தார்கள். முப்பது வயதிருக்கும். ஐந்து நாள் தாடி, கையில் விலங்கு. தக்குஹியைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினான். அறையின் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரையும் பார்த்தான். அவரையும் வணங்கினான்.

அந்தப் பெரியவர் வர்த்தெரெஸ். அதே தேவாலயத்தின் பாடகர். நாற்பது வருஷமாகச் சாமத்யாவின் குரல் அவர்தான். தவக்காலம் நாற்பது நாளும் பலிபீடத்தின் திரை மூடியிருக்கும். குருவானவரின் முகம் தெரியாது, மெழுகுவர்த்தி தெரியாது. ஜனங்கள் மூடிய திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வர்த்தெரெஸ் பாடுவார். அந்த நாற்பது நாளும் கோவில் அவருடையது. இப்போது தவக்காலத்தின் மூன்றாவது வாரம், இந்த மனிதர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

“நிபுணர் சாட்சி,” என்றார் ருஷ்தி பே. “உங்க ஜனத்துக்காரர்தான்.”

தக்குஹி வாத்தியாரிடம் திரும்பினாள். “எஸ்னிக், இது என்ன?”

“பாட்டு அக்கா. தவக்காலத்துல தினமும் பாடுவோமே, அதுதான். அதை நாலு குரலுக்குப் பிரிச்சு எழுதினேன். இது நாலாவது குரல், அடிக்குரல். அதுக்கு வார்த்தை கிடையாது, ம்ம்னு முனகணும், அவ்வளவுதான். மத்த மூணு தாள்ல வார்த்தை இருக்கு.”

“அந்த மூணும் எங்க?”

“ஒரே கட்டா வெச்சிருந்தேன். சோதனை போட வந்தப்ப இது மட்டும்தான் இருந்தது.”

“பார்த்தீங்களா?” என்றார் ருஷ்தி பே. “நாலு பேர் ஒரே நேரத்துல நாலு விதமாப் பாடுவாங்களாம். மீன் சந்தையிலதான் அப்படிப் பாடிக் கேட்டிருக்கேன்.”

“வர்த்தெரெஸ் ஐயா, நீங்க சொல்லுங்க,” என்றாள் தக்குஹி. “இது நம்ம பாட்டா?”

வர்த்தெரெஸ் தாளை வாங்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தார். கண்கள் இடமிருந்து வலமாக ஒழுங்காக ஓடின. “நாப்பது வருஷமாப் பாடறேன். இப்படி ஒரு பாட்டு நம்ம கோவில்ல கிடையாது. இது தேசத்துரோகம்னு நான் சொல்லலை. பாட்டு இல்லைன்னுதான் சொல்றேன்.”

எஸ்னிக் எதுவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டான். ஆர்த்தாகி அதைக் கவனித்தான். வசனம் மறந்த நடிகனின் முகம் அவனுக்கு நன்றாகத் தெரியும். இது மறந்த முகமில்லை, தெரிந்த வசனத்தை விழுங்கிய முகம். கழுத்துக்குக் கயிறு வருகிற நேரத்தில் ஒருவன் எதற்காக வார்த்தையை விழுங்குவான்?

“இன்னொரு தடவை நிதானமாப் பாருங்க ஐயா,” என்றாள் தக்குஹி. “ருஷ்தி பே, நீங்களும் கூடவே பாருங்க. எந்த வரி ரொம்பச் சந்தேகமா இருக்கு?”

இரண்டு தலைகளும் தாளின் மேல் குனிந்தன. தக்குஹி தாளைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே பார்த்தாள். ஆர்த்தாகியும் பார்த்தான். மேடைக்கு அடியிலிருந்தே உலகத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கால்களைப் பார்ப்பது சுலபம்.

வர்த்தெரெஸின் கை அசையாமல் மடியில் கிடந்தது.

கமிஷனரின் உள்ளங்கை தன் தொடையிலேயே மெல்ல விழுந்தது. பிறகு விரல்கள், பிறகு மறுபடி உள்ளங்கை.

“அழகான தாளம் பே,” என்றாள் தக்குஹி.

ருஷ்தி பேயின் கை அப்படியே நின்றுவிட்டது.

“இந்த எழுத்து உங்களுக்குப் படிக்கத் தெரியும்,” என்றாள் அவள். “அரண்மனைப் பாட்டெல்லாம் மறந்து போகாம இருக்க, எங்க ஆள் ஒருத்தர் உண்டாக்கின இசைக்குறி. இதைப் பார்த்தா கை தானாத் தாளம் போடும். எந்தப் பாட்டுக்காரனாலயும் அடக்க முடியாது. நீங்க என்ன வாசிப்பீங்க? ஆள்காட்டி விரல்ல காய்ச்சிருக்கே, தம்பூரா?”

அந்த ஊர்த் தம்பூர் சுருதிக்கு மட்டும் மீட்டுவதல்ல, ராகமே வாசிக்கிற வாத்தியம். ருஷ்தி பே எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். கைத்துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில், பச்சைத் துணி சுற்றி, நீளக் கழுத்தோடு அது நின்றது.

“என் குரு உங்க ஆள்தான். ஏழு வருஷம் அவர்கிட்டக் கத்துக்கிட்டேன்.”

ஆர்த்தாகிக்கு மூச்சு வந்தது. “அப்போ முடிஞ்சது அக்கா! இது பாட்டுன்னு அவருக்கே தெரியும்!”

“அதனாலதான் முடியலை,” என்றார் ருஷ்தி பே. அவர் குரல் இறங்கிவிட்டது. “மத்தவன்னா இது என்ன கிறுக்கல்னு விட்டிருப்பான். நான் வாசிச்சுப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, பத்து தடவை. ராகம் இல்லை. ஆரம்பம் இல்லை, முடிவு இல்லை. ஒரே சுரத்துல நிக்குது, திடீர்னு குதிக்குது, மறுபடி நிக்குது. இசைக்குறியில எழுதின ஒண்ணு இசையா இல்லைன்னா, அது சங்கேதம் இல்லாம வேற என்ன? வாத்தியாரை மாட்டிவிட்டது என் அறியாமைன்னு நினைக்காதீங்க. என் படிப்புதான் மாட்டிவிட்டிருக்கு.”

இரண்டாவது தடவை ஊதியது கப்பல்.

ருஷ்தி பே பேனாவை மையில் தொட்டு, காலி வரிக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஆர்த்தாகி ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடைசியில் தரைச் சல்லடையைப் பார்த்தான். எலியாக இருந்தால் அந்த வழியாகப் போகலாம். போனாலும் கொட்டடிக்குத்தான் போய்ச் சேரலாம்.

“ஆர்த்தாகி,” என்றாள் தக்குஹி, “மாடிப்படியில அந்தச் சேவகன் என்ன சொல்லிப் புலம்பினான்?”

“மூட்டைக்காரங்க தினமும் சாயங்காலம் பாடிக் கழுத்தறுக்கிறாங்களாம். அந்த நேரத்துல பே கதவைத் தட்டக்கூடாதாம். தலைவலியாம்.”

“தலைவலி,” என்றாள் தக்குஹி.

எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். கமிஷனரின் காதருகே குனிந்து ஏதோ இரண்டு வரி சொன்னாள். ஆர்த்தாகிக்குக் கேட்கவில்லை. அவன் வாழ்க்கையில் அவனுக்குக் கேட்காத முதல் வசனம் அது. ருஷ்தி பேயின் முகம் திருட்டுப் பலகாரத்தோடு பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரிச் சிவந்துபோனது. மேஜை இழுப்பறையைத் திறந்து, ஏதோ பழைய வழக்குக் காகிதத்தை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் அதே மாதிரி கொக்கி, சுழி, புள்ளி.

தக்குஹி அதை வர்த்தெரெஸிடம் கொடுத்தாள். “இன்னொரு தாளும் கிடைச்சிருக்கு ஐயா. இது எப்படி?”

எஸ்னிக் எட்டி அதைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் வெளுத்தது. “அக்கா, வேணாம்,” என்றான். “அவர்கிட்டக் கேக்காதீங்க.”

அதற்குள் வர்த்தெரெஸின் கண்கள் இடமிருந்து வலமாக ஓடி முடித்திருந்தன. கை மடியிலேயே கிடந்தது. “இதுவும் அதே ஜாதிதான். சந்தேகமே இல்லை. இப்படி ஒண்ணை நான் ஜன்மத்துல பாடினதில்லை.”

“எழுதிக்கலாமா ஐயா?”

“எழுதிக்குங்க.”

ருஷ்தி பே எழுதவில்லை. தம்பூரை மடியில் சாய்த்து, தன் கையாலேயே எழுதி வைத்திருந்த அந்தத் தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது அடியிலேயே ஆர்த்தாகிக்கு உடம்பு சிலிர்த்தது. சாமத்யாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் பேச்சு வருவதற்கு முன் வரும் பாட்டு. தவக்காலத்தில் மூடிய திரைக்கு முன்னால் வருகிற அதே பாட்டு. அதுமட்டுமில்லை, மூன்றாவது அடி முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குலுக்கல் விழுந்தது. அது உலகத்தில் ஒரே தொண்டைக்குச் சொந்தமானது.

“அஞ்சு நாளா இந்தச் சல்லடை வழியாக் கேட்டேன்,” என்றார் ருஷ்தி பே, தம்பூர்க் கம்பியிலிருந்து கையை எடுக்காமல். “எழுதாம இருக்க முடியலை. கைதி பாடினதைக் கமிஷனர் எழுதி வெச்சிருக்கான்னு தெரிஞ்சா, அந்தக் கப்பல்ல எனக்கும் ஒரு இடம் உண்டு.”

“கீழே இருக்கறவங்க பத்து வருஷமா நம்ம கோவில்ல கடைசி வரிசையில நிக்கறவங்க,” என்றாள் தக்குஹி. “பாட்டை உங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்க வர்த்தெரெஸ் ஐயா. உங்க குலுக்கலோட சேர்த்து. நீங்க இப்போ பார்த்தது உங்க சொந்தக் குரல். அதைத்தான் ஜன்மத்துல பாடினதில்லைன்னு சொன்னீங்க.”

வர்த்தெரெஸ் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக்கிப் பார்த்தார். அவருக்கு அது கொக்கியும் சுழியும் புள்ளியுமாகவே இருந்தது.

“உங்களுக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது,” என்றாள் அவள் மெதுவாக. “காதாலேயே கத்துக்கிட்டு, காதாலேயே நாப்பது வருஷம் ஓட்டிட்டீங்க. அதுல ஒரு கேவலமும் இல்லை. ஆனா வார்த்தை உங்களுக்குப் படிக்கத் தெரியும். கட்டுல நாலு தாள் இருந்தது. வார்த்தை இருக்கிற மூணையும் எடுத்துட்டு, வார்த்தை இல்லாத ஒண்ணை மட்டும் விட்டுட்டுப் போனது யாரு?”

ருஷ்தி பே தம்பூரை வைக்காமலே சொன்னார்: “சாட்சிக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஆச்சு, சரி. ஆனா அந்த அடிக்குரல் தாள் பாட்டுன்னு இன்னும் ஆகலை. நேரமும் இல்லை.”

“எங்க ஆளுங்க சுல்தானுக்கு அரண்மனை கட்டினாங்களே, அஸ்திவாரத்தை மட்டும் பார்த்தப்ப அது எப்படி இருந்திருக்கும்?” என்றாள் தக்குஹி. “வெறும் குழி. மேல சுவர் எழும்பினாத்தான் தெரியும். ஆர்த்தாகி! உன் வேலையைப் பார்.”

ஆர்த்தாகிக்குப் புரிந்துவிட்டது. தரையில் குப்புறப் படுத்து, சல்லடையில் வாயை வைத்தான். வழக்கமாக அவன் கீழே இருந்து மேலே வசனம் கொடுப்பவன். இன்றைக்குத் தலைகீழ். இருட்டுக்குள் நாற்பது முகங்கள் அண்ணாந்து பார்த்தன. பாட்டின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தான்.

“யார்ரா அது?” என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

“உன் மாமன். பாடுடா, ஒரு உசிரு போகப் போகுது!”

யாரோ ஒருவன் தொடங்கினான். ஒருவன் இருவராகி, நாற்பது பேராகத் தரையே அதிர்ந்தது. எஸ்னிக் விலங்குக் கைகளை மேலே தூக்கினான். ருஷ்தி பே அவன் கையைப் பார்த்தபடி காத்திருந்தார். அவர் முன்னால் அடிக்குரல் தாள். ஓர் அடி போயிற்று, இரண்டாவது அடி போயிற்று. விலங்குச் சங்கிலி கணீரென்று கீழே இறங்கியது. தம்பூர் உள்ளே நுழைந்தது.

பத்து தடவை வாசித்தும் குழியாகவே இருந்தது, இப்போது வீடாக நின்றது. நிற்கிற இடத்தில் பாட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டது, குதிக்கிற இடத்தில் அது பாட்டைத் தூக்கிவிட்டது. கமிஷனருக்குக் கண் கலங்கியதை ஆர்த்தாகி தரையிலிருந்தே பார்த்தான். ஐந்தாவது தடவையும் அழ வைத்தாயிற்று.

மூன்றாவது தடவை கப்பல் ஊதியது, பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை.

ருஷ்தி பே உத்தரவை நான்காகக் கிழித்தார்.

வர்த்தெரெஸ் அங்கிக்குள் கைவிட்டு, மடித்த மூன்று தாள்களை மேஜைமேல் வைத்தார். “பாட்டை மட்டும் நிறுத்துவாங்கன்னு நினைச்சேன்,” என்றார். “ஆளைக் கப்பல்ல ஏத்துவாங்கன்னு தெரியாது. தெரிஞ்சப்புறம் நான் போட்ட மனுவை வாபஸ் வாங்கப் பயமா இருந்தது. நாப்பது வருஷம் ஒத்தையா நின்னு பாடினேன் தம்பி. நாலு பேர்ல ஒருத்தனா நிக்கச் சொல்லுவியோன்னு இருந்தது.”

“மேல் குரலை யார் பாடணும்னு தாள்ல நான் எழுதலை அண்ணே,” என்றான் எஸ்னிக். “எழுத வேண்டிய அவசியம் இல்லை. அதைப் பாட ஊர்ல ஒரே ஒருத்தர்தான் இருக்கார். தாளைக் கொடுத்தா உங்களுக்குப் படிக்கத் தெரியாதது வெளிய தெரிஞ்சிடும். அதனாலதான் தவக்காலம் முடியட்டும், வீட்டுக்கு வந்து காதாலேயே சொல்லிக் கொடுக்கலாம்னு இருந்தேன்.”

“உனக்குத் தெரியுமா?”

“மூணு வருஷமாத் தெரியும்.”

“இங்க சொல்லியிருந்தா உன்னை அப்பவே விட்டிருப்பாங்களே!”

“உங்களை இவங்க முன்னாடி அவமானப்படுத்திட்டு, நான் எந்தக் கோவில்ல போய்ப் பாடறது அண்ணே?”

வர்த்தெரெஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ருஷ்தி பே புதிய காகிதம் எடுத்தார். “தாள் பாட்டுதான்னு எழுதறேன். ஆனா நாலு பேர் நாலு விதமாப் பாடி ஒரே இடத்துல வந்து சேர்றாங்கன்னு எழுதினா, மேலிடத்துக்குத் தூக்கம் போயிடும். எல்லாரையும் பிடிச்சு உள்ள போடச் சொல்லுவாங்க. அதனால, ஒரு குரல் பாட்டு. பாடினது ஒருத்தர். கோவில்லயும் இனிமே ஒரே குரல்தான். இதுதான் என்னால முடிஞ்சது.”

“கீழே இருக்கற நாப்பது பேர்?” என்று கேட்டாள் தக்குஹி.

“அவங்க பேர்ல ஒரு தாளும் இல்லையே அம்மா. தாள் இருந்தாத்தானே பொய்னு நிரூபிக்கலாம்?”

ஆர்த்தாகி அவளை இத்தனை வருஷத்தில் இப்படித் தோற்ற முகத்தோடு பார்த்ததில்லை.

எஸ்னிக்கின் விலங்கு கழன்றது, மூன்று சுற்றுப் பூட்டு திறந்தது. நால்வரும் முற்றத்தில் இறங்கி நடந்தார்கள். வெளி வாசலுக்கு இருபது அடி முன்னால், சுவரோடு தரையை ஒட்டிக் கொட்டடியின் காற்றோட்டத் துவாரம் இருந்தது. வர்த்தெரெஸ் அங்கே நின்றுவிட்டார்.

“தம்பி, அந்த மேல் குரல் எங்க ஆரம்பிக்கும்?”

“அண்ணே, ஒரே குரல்தான்னு உத்தரவு...”

“எங்கடா ஆரம்பிக்கும்?”

எஸ்னிக் அவர் காதில் மெல்ல முனகிக் காட்டினான். ஒரே தடவைதான். நாற்பது வருஷம் பழகிய காது, அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. அவர் துவாரத்தின் பக்கம் குனிந்து பாடினார். கீழேயிருந்து நாற்பது பேர் பிடித்துக்கொண்டார்கள். எஸ்னிக் அடிக்குரலில் நுழைந்தான். தக்குஹியும் பாடினாள். கிசுகிசுக்க மட்டுமே தெரிந்த ஆர்த்தாகியின் தொண்டையிலிருந்துகூட, அவனுக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது.

சேவகன் தடியோடு ஓடி வந்தான். மேலே கம்பி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கத்தினான்: “பே! பாடறாங்க பே! எத்தனை பேர்னு எழுதிக்கட்டும்?”

ஜன்னலுக்கு உள்ளே தொடையில் தாளம் விழுந்துகொண்டிருந்தது.

“ஒருத்தர்தான்யா,” என்றது ருஷ்தி பேயின் குரல். “ஒருத்தர்தான் பாடறார். அப்படியே எழுதிக்கோ.”